கறுப்பு ஒயரும் சிவப்பு ஒயரும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது நாங்கள் நால்வரும் சிறு பிள்ளைகள். வெவ்வேறு ஊர்களில் இருந்தாலும் எங்கள் நினைவு ஒன்றுதான். வேரோடு விழுந்த தென்னைகள், சாய்ந்த மின்கம்பங்கள், வாரக்கணக்கில் நீண்ட இருட்டு! மழை விட்ட பகல்களில் வெயில் மட்டும் குறைவில்லாமல் அடித்தது. அந்த வெயிலைச் சேர்த்து வைத்து இரவில் விளக்கேற்றலாமே என்று அன்றே நினைத்தோம் என்றால் அது பொய். பிளஸ் டூவில் மின்மாற்றிப் பாடம் நடந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது.

இயற்பியல் சிஸ்டரிடம் ஓடினோம். "சிஸ்டர், நாங்களே ஒரு சோலார் இன்வெர்ட்டர் செய்யட்டுமா?"

"தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் மூன்று நிபந்தனை. நான் பக்கத்தில் இல்லாமல் பாட்டரியை இணைக்கக் கூடாது. பள்ளிக்கூட ஒயரிங்கோடு அதைச் சேர்க்கக் கூடாது. தவறு நடந்தால் மறைக்கக் கூடாது."

இரண்டாவது நிபந்தனைக்கு அவரே காரணமும் சொன்னார். மின்தடை நேரத்தில் நம் இன்வெர்ட்டரின் மின்சாரம் ஒயரிங் வழியாக வெளியே போனால், கம்பத்தில் நின்று பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரையே குடித்துவிடும். புயலுக்குப் பின் வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்து எங்கள் ஊர்களில் கம்பம் நட்ட அண்ணன்மார்களை நினைத்துக்கொண்டோம். மற்ற இரு நிபந்தனைகளுக்கும் தலையாட்டினோம். அவ்வளவுதான்!

உண்டியல்களை உடைத்துப் பணம் சேர்த்தோம். கடைத்தெருவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடைத் தாத்தாவிடம் பொருள்களை வாங்கினோம். 20 வாட் சோலார் பேனல், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பாட்டரி, சார்ஜ் கன்ட்ரோலர், சிடி 4047 என்ற ஐ.சி., இரண்டு ஐ.ஆர்.எஃப்.இசட். 44 மாஸ்ஃபெட்டுகள், ஒரு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர்.

இது வேலை செய்யும் விதம் எளிது. பேனல் நல்ல வெயிலில் 17, 18 வோல்ட் தரும். அதை அப்படியே கொடுத்தால் பாட்டரி கெட்டுவிடும் என்பதால் இடையில் கன்ட்ரோலர் காவல் நிற்கிறது. பாட்டரி தருவது நேர்மின்சாரம். மாறாத மின்சாரத்துக்கு டிரான்ஸ்ஃபார்மர் அசைந்து கொடுக்காது. காந்தப் புலம் மாறினால்தான் அடுத்த சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் ஃபாரடே கண்டுபிடித்துச் சொன்னாரே, அதுதான் காரணம். ஆகவே ஐ.சி. தாளம் போடுகிறது. அந்தத் தாளத்துக்கு இரண்டு மாஸ்ஃபெட்டுகளும் ஊஞ்சலை இருபுறமும் நின்று தள்ளுகிற இரு தோழியர்போல மாறி மாறித் திறந்து மூடுகின்றன. தாளத்தின் வேகம் ஒரு மின்தடையையும் ஒரு மின்தேக்கியையும் பொறுத்தது. 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்கு ஏறத்தாழ 45 கிலோ ஓம் வைத்தால் வினாடிக்கு 50 சுற்று. நம் வீட்டு மின்சாரத்தின் தாளமும் அதுவே. டிரான்ஸ்ஃபார்மரைத் தலைகீழாக இணைத்தால் 12 வோல்ட் 200க்கு மேல் ஏறுகிறது.

மூன்று சனிக்கிழமைகள் பற்றவைத்தோம். கடைசி நாளில் சிவப்பு ஒயர் தீர்ந்துவிட்டது. பாட்டரிக்குப் போகும் இரண்டு இணைப்புக்கும் கறுப்பு ஒயரையே வைத்தோம். சிஸ்டர் மாலை ஜெபத்துக்குப் போயிருந்தார். பத்து நிமிடம் பொறுக்க மனமில்லை. இணைத்தோம். 'டப்' என்று ஒரு சத்தம், புகை, கருகல் நாற்றம்! இணைத்தது யார் கை என்று இங்கே எழுதப்போவதில்லை. நால்வரும் பார்த்துக்கொண்டுதானே நின்றோம்!

சிஸ்டர் வந்து கேட்டபோது, "மாஸ்ஃபெட் போலி போலிருக்கிறது, சிஸ்டர்" என்றோம். சொல்லச் சொல்ல எங்களுக்கே அது உண்மையாகிவிட்டது. அதே வேகத்தில் கடைக்குப் போய், நாலு பேர் எதிரில், "தாத்தா, எங்களுக்கு டூப்ளிகேட் கொடுத்து ஏமாற்றிவிட்டீர்களே!" என்று சத்தம் போட்டோம்.

தாத்தா கோபிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாப்பா, இதில் பிளஸ் எது?" என்று மட்டும் கேட்டார். எங்களில் இருவர் ஒரு ஒயரைக் காட்டினோம். இருவர் மற்றொன்றைக் காட்டினோம். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. தலையைக் குனிந்தபடி திரும்பினோம்.

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதோம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். "மாஸ்ஃபெட் எரிந்தால் வேறு வாங்கலாம். அந்தப் பெரியவரின் நல்ல பெயரை எந்தக் கடையில் வாங்குவீர்கள்? எந்தக் குரலில் குற்றம் சொன்னீர்களோ, அதே குரலில் மன்னிப்புக் கேட்டு வாருங்கள்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை, கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனோம். கால்கள் பின்னின. "தாத்தா, உங்கள் சாமான் நல்ல சாமான். தப்பு எங்களுடையது. மன்னித்துவிடுங்கள்" என்று உரக்கச் சொன்னோம். அவர் சிரித்தார். புதிய மாஸ்ஃபெட்டுகளுக்கும் ஐ.சி.க்கும் காசு வாங்கிக்கொண்டார். ஒரு முழம் சிவப்பு ஒயரையும் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றையும் காசில்லாமல் கொடுத்தார். "ஃபியூஸ் இல்லாத பெட்டியும் பொறுமை இல்லாத பிள்ளையும் ஒன்று" என்றார்.

இம்முறை சிஸ்டர் அருகில் நின்றார். இணைத்தோம். பல்பு எரிந்தது! மீட்டர் 222 வோல்ட் காட்டியது. துள்ளிக் குதித்தோம். சிஸ்டர் மெல்லச் சொன்னார்: "நம் இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. இந்தச் சாதாரண மீட்டர் அதை நூற்றுக்குப் பதினொன்று கூட்டிக் காட்டும். உண்மை 200தான்." மீட்டரும்கூடச் சில வேளை தன்னை உயர்த்திச் சொல்லும் போலும்!

கார்த்திகை மாத மழையில் ஒருநாள் படிப்பு வேளையில் மின்சாரம் நின்றது. எங்கள் பெட்டியிலிருந்து தனி ஒயர் இழுத்து, 9 வாட் எல்.இ.டி. பல்புகள் இரண்டை ஆறாம் வகுப்புத் தங்கைகளின் மேசைமேல் தொங்கவிட்டோம். ஒன்றரை மணி நேரம் அவர்கள் படித்தார்கள். நாங்கள் இருட்டில் சுவரில் சாய்ந்து, அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெட்டி இப்போது ஆய்வகத்தில் இருக்கிறது. தங்கைகளே, நீங்கள் அதைத் திறந்து பார்க்கலாம். நாங்கள் செய்ததைவிட நன்றாகவும் செய்யலாம். ஆனால் அந்தச் சிவப்பு ஒயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

— பிளஸ் டூ மாணவியர் நால்வர்