ஓலை வாசிக்கும் முன்

மார்ச் 5, புதன். சாம்பல் புதன்

லெந்து தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு நேரே மாலை ஆராதனைக்குப் போனேன். ஐயர் இந்த வருஷம் செல்பேசியைப் பற்றிப் பிரசங்கித்தார். இந்த நாட்களிலாவது சீரியலை நிறுத்துங்கள், வாட்ஸ்அப்பைக் குறையுங்கள், பிள்ளைகள் கையில் இருப்பதைக் கவனியுங்கள் என்றார். கோயிலில் தலையாட்டாதவர் இல்லை. எனக்கும் மறுப்பில்லை. தூக்கமில்லாத கண்களோடு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து உட்காருவதைத் தினமும் பார்க்கிறவள் நான்.

ஆனால் நடந்து வரும்போது ஒன்று தோன்றியது. உலகத்துக்கு விலகியிருங்கள் என்று எங்களுக்குச் சொல்லப்படும்போதெல்லாம், அந்த உலகம் புதிதாக வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்றாகவே இருக்கிறது. பாட்டி காலத்தில் சினிமாக் கொட்டகை, அம்மா காலத்தில் டிவி, இப்போது செல்பேசி. எங்கள் வீட்டுக்குள்ளேயே பிறந்து, ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டு, குடும்ப ஜெபத்தில் எங்களோடு முழங்காலிட்டிருக்கும் உலகம் ஒன்று உண்டு. அதைப் பற்றி ஈஸ்டர் வரை எழுதிப் பார்க்கப் போகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அண்ணன் வீட்டு மதினி கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனாள்.

"பிள்ளைக்கு இருபத்தெட்டு முடியப் போகுது. இன்னும் எவ்வளவு நாள் வச்சிருப்ப? துபாய்ல ஒரு மாப்பிள்ளை இருக்கு. நம்ம ஆட்கள்தான். ரட்சிக்கப்பட்ட குடும்பம். எதுவும் கேக்க மாட்டாங்க. நீங்க உங்க பிள்ளைக்குப் போடுறதப் போடுங்க."

சொன்ன வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். முதலில் நம்ம ஆட்கள், பிறகுதான் ரட்சிப்பு. 'போடுறதப் போடுங்க' என்றால் எத்தனை பவுன் என்று பாளையங்கோட்டையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் கேட்பது குறைந்தது, கொடுப்பது குறையவில்லை. வாய்விட்டு யாரும் கேட்காததால் குற்றம் செய்ததாக யாருக்கும் உறுத்துவதும் இல்லை.

மதினியைக் குறைத்து எழுத என் கை வராது. தினமும் உலை வைக்கும் முன் சபைக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறவள். என் அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவெல்லாம் கூட உட்கார்ந்து சங்கீதம் வாசித்தவள். அவளுடைய விசுவாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் இது என்னைத் தூங்கவிடவில்லை. மாய்மாலக்காரி என்றால் தள்ளிவிட்டுப் போகலாம். உண்மையாகவே ஜெபிக்கிறவளின் ஜெபம் எட்டாத ஒரு அறை அவளுக்குள் இருக்கிறது. எனக்குள்ளும் எங்கள் சபைக்குள்ளும் அது இருக்கிறது.

இரவில் என் கணவர் மகளின் விவரங்களைத் திருமணத் தகவல் தளத்தில் பதிந்தார். கிறிஸ்தவர்களுக்கென்றே நடத்தப்படும் தளம். பெயர், படிப்பு, சபை, ஞானஸ்நானம் எல்லாம் கேட்டுவிட்டு அடுத்த கட்டத்தில் சாதி என்று இருந்தது, அதற்கடுத்து உட்பிரிவு. பெங்களூரிலிருந்து மகள் போனிலேயே சொல்லிவிட்டாள், அதை வெறுமையாக விடுங்கள் என்று. "வெறுமையா விட்டா ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க," என்றார் இவர். கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார்.

மார்ச் 14, வெள்ளி

மேலப்பாளையத்திலிருந்து வரும் டீச்சர் தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து தந்தார். இந்த வருஷம் ரமலானும் லெந்தும் சேர்ந்து வந்திருக்கின்றன. பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏழு பீரியடும் நின்று பாடம் நடத்துகிறார் அவர். நான் கறி மீனை விட்டிருக்கிறேன்.

பொங்கலுக்குப் பக்கத்து வீட்டில் கொடுப்பதை வாங்கலாமா, வாசலில் கோலம் போடலாமா என்று எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். பொட்டும் பூவும் வைக்கலாமா என்பதில் இரண்டு தலைமுறை சண்டை போட்டிருக்கிறது. சின்ன விஷயங்களில் ஊரிலிருந்து விலகி நிற்க இவ்வளவு பாடுபட்ட நாங்கள், பெண்ணை எடுப்பதிலும் கொடுப்பதிலும் ஊரோடு ஊராக இருந்துவிட்டோம். டீச்சர் தரும் கஞ்சியால் என் விசுவாசத்துக்கு ஒரு குறையும் வரப்போவதில்லை. மதினி கொண்டுவந்த அந்தச் சம்பந்தத்தால் வரும் என்றே நினைக்கிறேன்.

மார்ச் 22, சனி

பாப்பாத்தியம்மாள் கோயிலுக்குப் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரின் பழைய சின்னக் கோயில். கிளாரிந்தா அம்மாள் கட்டியது. 1785-இல் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயர் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார்.

ஞாயிறு பள்ளியில் அந்த அம்மாளின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாங்கள் பாதியைத்தான் சொல்வோம். கோயில் கட்டினார், ஏழைகளுக்கு உதவினார், நெல்லைச் சபைக்கு முதல் வித்தாக இருந்தார். மீதிப் பாதி இது. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்திப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு திருமணம் இல்லாமல் வாழ்ந்தவர். வேதத்தை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டார். அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்த பிறகு 1778-இல் கொடுத்தார். 1780-இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள், பல சாதியார். அ. மாதவையா இந்த அம்மாளைப் பற்றி 1915-இல் ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதியிருக்கிறார்.

அந்த அம்மாளின் விவரங்களை இவர் பதிந்த அதே தளத்தில் பதிந்தால் என்ன நடக்கும் என்று பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். விதவை. வேறு சாதி. வெள்ளைக்காரனோடு இருந்தவள். விசாரிக்கப் போகிறவர்கள் முதல் தெருவிலேயே திரும்பிவிடுவார்கள். இத்தனைக்கும் எங்கள் சபையின் வேர் அவர்தான். அவரைப் போன்ற ஒருத்தியையும் அந்த நாற்பது பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்ததுதான் சுவிசேஷம் இந்த ஊரில் செய்த முதல் காரியம். பிரசங்கமும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதற்குப் பிறகு வந்தவை.

மார்ச் 30, ஞாயிறு

சாட்சி நேரம். விசா கிடைத்தது, மகனுக்கு சீட் கிடைத்தது, வீட்டுக்கடன் அடைந்தது. எல்லாமே மெய்யான நன்றிகள்தான், அழுதுகொண்டே சொன்னார்கள், நானும் ஆமென் சொன்னேன். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை ஒவ்வொரு வீட்டு ஃபிரிட்ஜிலும் ஒட்டியிருக்கிறது. அவற்றில் ஆசீர்வாத வசனங்கள்தான் இருக்கும். சிலுவையைச் சுமக்கச் சொல்லும் வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை.

ஒரு பவுனும் வாங்காமல் மகனுக்குக் கல்யாணம் முடித்தோம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று யாராவது எழுந்து சாட்சி சொல்லும் நாளுக்காக ஜெபித்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 5, சனி

மகள் வந்திருக்கிறாள். தோசை வார்த்துக்கொண்டே ராத்திரி பத்து மணிவரை பேசினோம்.

அவள் போகும் பெங்களூர்ச் சபையில் கிட்டாரும் டிரம்ஸும் ஆங்கிலப் பாட்டுமாக ஆராதனை நடக்கிறது. முன்பெல்லாம் எனக்கு அது பிடிக்காது. இப்போது கவலைப்படவில்லை. அங்கே பக்கத்தில் உட்காருகிறவரிடம் யாரும் ஊர்ப்பெயர் கேட்டு, தெருப்பெயர் கேட்டு, அப்பா பெயர் கேட்டு அளப்பதில்லை என்றாள்.

வடக்கன்குளத்தைப் பற்றி அவளாகவே படித்திருக்கிறாள். ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய 'கிறித்தவமும் சாதியும்' புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். வடக்கன்குளத்தில் இருப்பது எங்கள் ஜில்லாக் கத்தோலிக்கக் கோயில். பீடத்திலிருந்து சாதிவாரியாக இரண்டு கிளைகளாகப் பிரிந்து, ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்க முடியாதபடி கட்டப்பட்டது. பீடத்தை மட்டும் இரண்டு பக்கமும் பார்க்கலாம். நடுவில் இருந்த சுவரைக் குருக்கள் 1910-இல் இடித்தார்கள். இடித்தது தப்பு, மறுபடி கட்டு என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

"அது அவங்க சபைம்மான்னு சொல்லிராதீங்க," என்றாள். சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்துக் கதையும் எனக்குத் தெரியும். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் சபையில் சாதியை அறவே விட வேண்டும் என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூரிலும் சென்னையிலும் எத்தனை குடும்பங்கள் சபையைவிட்டே வெளியேறின! வேதநாயகம் சாஸ்திரியார், யாருடைய கீர்த்தனைகள் இல்லாமல் எங்களுக்கு ஆராதனை இல்லையோ அவரே, சாதியை விடச் சொன்ன மிஷனெரிகளை எதிர்த்து எழுதியவர். அவர் பாட்டைப் பாடும்போது இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அவர் தோற்ற இடமும் இதுதான். இரண்டும் உண்மை.

சேர்ந்து சாப்பிடுவதில் நாங்கள் ஓரளவு ஜெயித்துவிட்டோம். அசனப் பண்டிகையில் பக்கத்து இலை யாருடையது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறோம். ஆனால் அந்தப் பாத்திரத்தில் வாய் வைத்த வேறு வேறு சாதிக் குடும்பங்கள் சம்பந்தம் பேசுவதில்லை. தலித்துகளாக இருந்து கிறிஸ்தவர்களானவர்களுக்கு 1950-ஆம் ஆண்டு ஆணையின்படி பட்டியல் சாதி உரிமை இல்லை. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் அது விரிவாக்கப்பட்டது, எங்களவருக்கு இன்னும் இல்லை. கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது என்று அரசாங்கம் நம்புகிறது. அந்த நம்பிக்கையால் அவர்கள் சலுகையை இழந்தார்கள். எங்கள் கல்யாணப் பேச்சில் அதே சாதி அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது. இந்த அநியாயத்தில் பாதி எங்கள் வீடுகளில் நடக்கிறது. டெல்லிக்கு மனு எழுதும் எங்கள் சபைகள் இந்தப் பாதியைப் பற்றி வாய் திறப்பதே இல்லை.

தளத்தில் அந்தச் சாதிக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். கூடவே மகள் இரண்டு வரி சேர்த்தாள்: சாதி தடையில்லை. நகை, ரொக்கம் பேச்சில்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனியில் பிள்ளைகள் ஓலையை வாள் போலச் சுழற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். நல்ல வெயில். போலீஸ்காரர் ஒருவர் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து ஒரு பாட்டியை நிழலில் உட்கார வைத்தார்.

தளத்திலிருந்து ஒரே ஒரு தகவல் வந்திருக்கிறது. ஆம்பூர்க் குடும்பம்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை ஏழு வார்த்தைகள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒவ்வொருவர். மூன்றாம் வார்த்தையைப் பேசியவர், சிலுவையில் தொங்கும்போதும் இயேசு தாயை மறக்கவில்லை, ஆகவே பெற்றோரை முதியோர் இல்லத்தில் விடாதீர்கள் என்றார். தேவையான பேச்சுதான்.

ஆனால் அந்த இடத்தில் நடந்தது அதைவிடப் பெரியது. மரியாளுக்கு ரத்த சொந்தங்கள் இருந்தார்கள். அவர்களிடம் ஒப்படைக்கவில்லை. பக்கத்தில் நின்ற சீஷனைக் காட்டி மகன் என்றார், சீஷனுக்கு அவளைத் தாய் என்றார். அந்த நாழிகை முதல் அவன் அவளைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டான். சிலுவையடியில் உண்டான முதல் குடும்பம் அது. சாகும் நேரத்தில் அவர் செய்து வைத்த அந்தச் சம்பந்தத்தை விட்டுவிட்டு எந்தச் சம்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம் என்று சொல்கிறோம்?

திரும்பி வரும்போது இவரிடம் இதைச் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். "உங்க அண்ணன் கல்யாணத்துக்கு வரமாட்டான். எங்க பெரியப்பா வீட்டுலயும் வரமாட்டாங்க. அந்தப் பந்தல்ல யாரு நிப்பா?" என்றார். எங்கள் பக்கத்தில் சொந்தம் இல்லாமல் நடக்கும் கல்யாணம் எவ்வளவு பெரிய வெறுமை என்று எனக்கும் தெரியும். அதனால் அவருக்குச் சட்டென்று ஒரு பதிலும் சொல்லவில்லை. பவுன் விலையும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. சேர்த்து வைத்திருக்கும் பணம் மகளின் பெயரில் அப்படியே இருக்கட்டும், அவள் மேலே படிக்கவோ வீடு பார்க்கவோ உதவும் என்றேன். அதற்கு மட்டும் தலையசைத்தார்.

ஏப்ரல் 21, திங்கள்

மதினி காலையிலேயே போன் செய்தாள்.

"ஆம்பூராமே. அவங்க யாரு? விசாரிச்சியா?"

"லூத்தரன் சபை மதினி. அப்பா தோல் தொழிற்சாலையில வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. பையன் வேலூர்ல பிசியோதெரபிஸ்ட். கொயர்ல பாடுறானாம்."

"அதில்ல நான் கேட்டது."

"தெரியும். அத நாங்க கேக்கல. அவங்களும் நம்மகிட்ட கேக்கல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க அண்ணன்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்றாள். இருக்கிறதை அப்படியே சொல்லுங்கள் மதினி, ஜெபித்துவிட்டுச் சொல்லுங்கள், மே 4 ஆராதனை முடிந்து அவர்கள் வருகிறார்கள், நீங்களும் வந்து பையனைப் பாருங்கள் என்றேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மகள் தான் கேட்க வேண்டியவற்றை எழுதி அனுப்பியிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலைக்குப் போவதைப் பற்றி என்ன நினைக்கிறான், கோபம் வந்தால் எப்படிப் பேசுவான், சமைப்பானா, சம்பளத்தில் தசமபாகம் கொடுக்கிறானா, சபைக்கு வெளியே அவனுக்கு நண்பர்கள் உண்டா. இவர் அதை வாசித்துவிட்டு அடியில் தன் கேள்வி ஒன்றை எழுதினார்: பையனுடைய அம்மாவுக்கு இதில் சம்மதமா?