எங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்கு ரேம் போட்ட கதை

"மிஸ், உங்க ஸ்க்ரீன் நிக்குது மிஸ்!"

2023 ஜூன் மாதம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு ஆன்லைனில் பின்னக் கழித்தல் நடத்திக்கொண்டிருந்தேன். முக்காலிலிருந்து மூன்றில் இரண்டைக் கழிக்க வேண்டும். மீ.சி.ம 12 என்று எழுதியதோடு கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது. மவுஸை அசைத்தாலும் தட்டினாலும் அசைவில்லை. நான்கு நிமிடம் கழித்து அதுவாகவே உயிர் பெற்றபோது மூன்று பிள்ளைகள்தான் மிச்சம். அன்று ராத்திரியே ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்: "அடுத்த மாசத்துலேர்ந்து நிறுத்திக்கறோம் மேடம். கிளாஸ் அடிக்கடி கட் ஆகுது."

மாதம் 600 ரூபாய் போனது ஒரு பக்கம். நன்றாகச் சொல்லிக் கொடுத்தும் ஒரு பிள்ளை போகிறதே என்பதுதான் தாங்கவில்லை.

2018-ல் திருச்சியில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர் அது. 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. அதற்கு என்ன வியாதி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். என் கணவர் "நெட்தான் ஸ்லோ" என்றார். அண்ணன் போனிலேயே, "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கும்மா, முப்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்றான். சொல்வது சுலபம்! ஒன்பதாவது படிக்கும் என் மகன் மட்டும், "ரேம் பத்தலம்மா" என்றான்.

நான் நம்பவில்லை. இவன் கேம் விளையாடுவதால்தான் கம்ப்யூட்டர் கெட்டது, இப்போது அதே கேமுக்காக ரேமும் கேட்கிறான் என்று முடிவு கட்டினேன். அவனைத் திட்டி, கேமுக்குத் தடை போட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். போனில் 'மெமரி ஃபுல்' என்று வந்தால் என்ன செய்வோம்? போட்டோ, வீடியோவையெல்லாம் அழிப்போம் இல்லையா? அதையே கம்ப்யூட்டரிலும் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து 60 ஜிபி அளவுக்கு வீடியோக்களை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். எல்லாம் பென் டிரைவில் இருக்கிறதே என்ற தைரியம். பிறகு பார்த்தால், மாமனாரின் சதாபிஷேக வீடியோ பென் டிரைவில் இல்லை. அவர் காலமாகி அப்போது இரண்டு வருடம். என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

கம்ப்யூட்டராவது வேகமானதா? துளிக்கூட இல்லை. மறுநாள் வகுப்பிலும் அதே மாதிரி நின்றது.

போன் கடையில் 'மெமரி' என்றால் பெரும்பாலும் சேமிக்கும் இடம். கம்ப்யூட்டர் கடைக்காரர் 'மெமரி' என்றால் ரேமைச் சொல்கிறார். இரண்டும் வேறு வேறு. ஹார்டு டிஸ்க் என்பது பரண் மாதிரி, சாமான்களை வைத்துக்கொள்ளும் இடம். ரேம் என்பது சமையல் மேடை. காய் நறுக்குவது, மாவு பிசைவது எல்லாம் மேடையில்தான். பரணை ஒழித்தால் மேடை அகலமாகிவிடுமா? (சி டிரைவ் பிதுங்கி வழிகிற அளவுக்கு நிரம்பியிருந்தால் அதுவும் வேகத்தைக் கெடுக்கும். எங்களுடையதில் முன்பே பாதிக்கு மேல் காலிதான்.) மேடை நிரம்பிவிட்டால் விண்டோஸ் சில சாமான்களைத் தற்காலிகமாகப் பரணில் ஏற்றிவிடும், தேவைப்படும்போது இறக்கும். சுழல்கிற தட்டு வைத்த பழைய ஹார்டு டிஸ்க், ரேமோடு ஒப்பிட்டால் ஆமை. அந்த ஏற்றி இறக்குகிற நேரத்தில்தான் நம் ஸ்க்ரீன் உறைகிறது.

இதையெல்லாம் பிறகுதான் புரிந்துகொண்டேன். அன்றைக்கு மகன் ஒன்றும் விளக்கவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, "நீயே பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கோபம் தீரவில்லை போல.

கணக்கு டீச்சர் ஆயிற்றே! ஒரு 40 பக்க நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். நேரம், என்னென்ன திறந்திருக்கிறது, மெமரி எவ்வளவு, டிஸ்க் எத்தனை சதவீதம், நின்றதா இல்லையா. ஒரு வாரம் விடாமல் எழுதினேன்.

காலையில் ஆன் செய்ததும் முதல் பத்து நிமிடம் மெமரியில் பாதிதான் செலவு, 3.9 ஜிபியில் 2. ஆனால், டிஸ்க் 100 சதவீதம். அப்டேட், வைரஸ் ஸ்கேன் என்று எல்லாம் ஒரே நேரத்தில் பரணைக் குடைந்துகொண்டிருந்தன. சாயங்கால வகுப்பில் மெமரி 3.6, டிஸ்க் மறுபடி 100, ஸ்க்ரீன் நின்றது. ஞாயிறன்று மகனைக் கூப்பிட்டு கேம் விளையாடவே சொன்னேன். 3.1தான். நிற்கவில்லை.

அப்படியானால் வகுப்பு நேரத்தில் மேடையை அடைத்துக்கொண்டிருந்தது யார்? டாஸ்க் மேனேஜரில் 'மெமரி' என்ற தலைப்பைக் கிளிக் செய்தால், அதிகம் தின்பது மேலே வந்து நிற்கும். பிரவுசர், 1.4 ஜிபி. எண்ணிப் பார்த்தேன். 27 டேப்! ஒர்க் ஷீட்டுகள், புடவைக் கடை ஒன்று, எப்போதோ திறந்த மோர்க்குழம்பு ரெசிப்பி, அப்புறம் படிக்கலாம் என்று விட்டு வைத்தவை. அத்தனையும் என்னுடையவை. குற்றவாளி நான்தான். மகனிடம் போய்ச் சொன்னேன். "கேம் ஆப் ஒண்ணும் தானா ஓப்பன் ஆகுதும்மா, அதையும் நிறுத்திடறேன்" என்றான். அவனும் கொஞ்சம் கூட்டாளிதான்.

உடனே கடைக்கு ஓடவில்லை. காசு செலவில்லாததை முதலில் செய்து பார்த்தோம். டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' பகுதியில் தேவையில்லாமல் தானாகத் தொடங்குபவற்றை நிறுத்தினோம். டேப்களை மூடி, வேண்டியதை புக்மார்க் செய்தேன். மறுவாரம் வகுப்பில் 3.2. நன்றாகவே ஓடியது. ஆனால், பாடப் புத்தக பிடிஎஃப்பைத் திறந்து ஸ்க்ரீன் ஷேர் செய்ததும் மறுபடி 3.6-க்கு ஏறி, கொஞ்ச நேரம் நின்றது. அந்த வரியை எழுதியபோதுதான் ரேம் வாங்குவது என்று தீர்மானித்தேன். வேண்டாததை எல்லாம் மூடிய பிறகும், என் அன்றாட வேலைக்கே இடம் போதவில்லை. டேப்பை மூடியதிலேயே சரியாகியிருந்தால் ஒரு ரூபாய்கூடச் செலவழித்திருக்க மாட்டேன்.

சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது என்பதையும் இதில் கற்றுக்கொண்டேன். தோழி வீட்டு 8 ஜிபி கம்ப்யூட்டரிலும் பாதி செலவாகியிருப்பதாகத்தான் காட்டியது. இடம் அதிகம் இருந்தால் விண்டோஸும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். அதனால் கெடுதல் இல்லை. மெமரி நிரம்பி, டிஸ்க்கும் திணறி, வேலையும் நிற்கிறதா என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதையும் சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை, வேலை நடக்கும்போது பார்க்க வேண்டும்.

கடைக்குப் போகும் முன் மகன் சரிபார்த்தான். இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. பில்லில் டிடிஆர்4 என்று இருந்தது. விண்டோஸ் 64 பிட். 32 பிட்டாக இருந்தால் வீட்டு விண்டோஸில் 4 ஜிபிக்கு மேல் போட்டும் உபயோகமில்லையாம். லேப்டாப் வைத்திருப்பவர்கள் முதலில் ரேம் சேர்க்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சிலவற்றில் போர்டோடு சேர்த்தே ஒட்டியிருப்பார்கள்.

கடையில் 4 ஜிபி ரேம் 1,300 ரூபாய். அன்றைய விலை அது. நோட்டைக் கடைக்காரரிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்தவர், "காலைல ஸ்லோவா இருக்கறதுக்கு ரேம் உதவாதும்மா. அது டிஸ்க். எஸ்எஸ்டி போடணும்" என்றார். இரண்டுக்கும் சேர்த்து அன்று கையில் காசில்லை. வகுப்பு ஓடினால் போதும் என்று ரேமோடு வந்துவிட்டேன். எஸ்எஸ்டி தீபாவளிக்குத்தான் போட்டோம்.

ரேம் போட்ட அன்று சாயங்காலம் பிடிஎஃப், ஸ்க்ரீன் ஷேர் எல்லாம் திறந்தும் 7.9 ஜிபியில் 4.6தான். டிஸ்க் 5 சதவீதத்தில் சமர்த்தாக இருந்தது. அதே பின்னக் கழித்தலை முதலிலிருந்து போட்டோம். பன்னிரண்டில் ஒன்று என்று ஒரு பையன் கத்தினான். நின்றுவிட்ட பெண் மட்டும் திரும்பி வரவேயில்லை. அவள் அம்மாவுக்கு நானும் எதுவும் எழுதவில்லை.

சதாபிஷேக வீடியோவில் 11 நிமிடம் கோயம்புத்தூர் நாத்தனார் போனில் இருந்தது. மாமனார் பேரனைக் கூப்பிட்டு ஆசீர்வாதம் செய்யும் இடம் அதில் இருக்கிறது. இப்போது பென் டிரைவிலும், என் கணவரின் ஆபீஸ் லேப்டாப்பிலும், தனி ஹார்டு டிஸ்க்கிலும் அது உண்டு. கேம் தடையை நீக்கியபோது, "ரெண்டு வாரம் நஷ்டம்மா" என்று அரை மணி நேரம் கூடுதலாகக் கேட்டான். கொடுத்தேன்.

நோட்டு இன்னும் மானிட்டர் பக்கத்தில்தான் கிடக்கிறது. போன வாரம் சும்மா புரட்டினால், கடைசிப் பக்கத்தில் மகனின் கோழிக் கிறுக்கல்: "அம்மா டேப் - 31."