அம்மா சொன்ன முகம்

எனக்கு 16 வயதாகியிருந்தபோது, என் முகத்தைப் பற்றி அம்மா ஒரு தீர்ப்புச் சொன்னாள். "உன் நெற்றியிலே அப்பளம் பொரிக்கலாம் போலிருக்கிறதடி!" அன்று மாலை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். பயற்றம் மாவைக் குழைத்து, வெண்கலப் பானையைத் தேய்ப்பதுபோல் என் முகத்தைத் தேய்த்துவிட்டாள். வந்தவர்கள் கடிதம் போடுவதாகச் சொல்லிப் போனார்கள். கடிதம் வரவில்லை. பிற்பாடு வந்த ஒருவர் என் முகத்தைவிடப் பஜ்ஜியைத்தான் அதிகம் கவனித்தார், அவருக்கே வாழ்க்கைப்பட்டேன்.

அம்மா காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. எனக்கு இப்போது 64 வயது. அந்தத் தீர்ப்பை மட்டும் நான் மாற்றவே இல்லை. காலையில் சோப்பு, மாலையில் பயற்றம் மாவு. சென்ற மார்கழியில் கன்னம் இரண்டும் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்து வெடித்தன. சிரித்தால் வலித்தது.

தோல் வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாளிடம் போனேன். "எனக்கு எண்ணெய் வழியும் முகம்" என்று ஆரம்பித்தேன்.

"யார் சொன்னார்கள்?"

"அம்மா."

"எப்போது?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "16 வயது முகத்துக்கு 48 வருஷமாக வைத்தியம் பார்த்து வந்திருக்கிறீர்கள், அம்மா" என்றாள்.

தோலில் எண்ணெய் சுரப்பது ஹார்மோன்களின் ஏவலால்தானாம். பருவ வயதில் தாராளமாகச் சுரக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்குக் குறைந்துவிடும். தோல் இயற்கையில் சற்றே அமிலத்தன்மை உடையது. சாதாரணச் சோப்போ காரம். இருக்கிற கொஞ்சம் எண்ணெயையும் அது அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

டாக்டரம்மாள் சொல்லிக்கொடுத்த பரீட்சை சுலபமானது. காரமில்லாத பொருளால் முகம் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, எதையும் பூசாமல் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். பிறகு மெல்லிய காகிதத்தை நெற்றி, மூக்கு, கன்னங்களில் ஒற்றிப் பார்க்க வேண்டும். எங்கும் எண்ணெய் பட்டால் எண்ணெய்த் தோல். எங்கும் படாமல், முகம் இழுத்துப் பிடித்தால் வறண்ட தோல். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் பட்டால் இரண்டும் கலந்தது. எதைப் பூசினாலும் எரிந்து சிவந்தால், அது தொட்டாற்சிணுங்கி. எண்ணெய்த் தோலுக்கு இலேசான ஜெல் போதும். வறண்டதற்குக் கெட்டிக் கிரீம், அதுவும் முகம் கழுவிய ஈரம் காய்வதற்குள்.

என் காகிதத்தில் ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அம்மா தந்ததில் மிச்சமிருந்த ஒன்றும் கைநழுவிப் போனதுபோல் இருந்தது.

அந்தச் சமயம் என் பேத்தி உள்ளே வந்தாள். 15 வயது. நெற்றி பளபளத்தது. "பாட்டி, என் முகத்தைப் பாரேன், எவ்வளவு அசிங்கம்!" என்றாள்.

அப்பளம் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"அசிங்கம் என்ன, வயசு அப்படி! முகத்தைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்" என்று சொல்லி, புதுக் காகிதம் ஒன்றை எடுத்து வைத்தேன்.