உடைந்த டம்பெல்லின் பாதி

பென்சில்வேனியா மாநிலத்து யார்க் நகரில் பாப் ஹாஃப்மன் 1932-இல் தொடங்கிய யார்க் பார்பெல் நிறுவனம், பல பத்தாண்டுகளாக அமெரிக்க ஜிம்களுக்கு இரும்பு வார்த்துக் கொடுத்தது. அதன் பழைய 100 பவுண்ட் டம்பெல் தண்டும் இரு தலைகளுமாக ஒரே வார்ப்பில் வந்தது. அப்படிப்பட்ட ஒன்று பாதியாகிப் போனால் மிஞ்சுவது வெறும் தலை. எடை ஏறக்குறைய 50 பவுண்ட், நம் கணக்கில் 22 கிலோவுக்குச் சற்று மேல். பிடிக்கத் தண்டு கிடையாது, கொக்கி கிடையாது, விரல் நுழைய ஓட்டை கிடையாது. காயலான் கடைக்குப் போக வேண்டிய அந்தத் துண்டை, ரிச்சர்ட் சோரின் என்பவர் மேலிருந்து ஒரே கையால் கவ்வித் தரையை விட்டுக் கிளப்பினார். பிளாப் என்று அதற்குப் பெயரும் வைத்தார். பிடி வலிமையை ஒரு தனிக் கலையாகப் பயில்கிற எல்லோருக்கும் இன்று அந்தப் பெயர் தெரியும். விரித்த கையால் இரும்பைக் கவ்வித் தூக்குவதில் தேர்ந்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அவர் பிளாபைத் தூக்கியிருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி.

22 கிலோ என்பது பெரிய எடையே இல்லை. ஓர் அரிசி மூட்டை அதைவிடக் கனம். ஆனால் மூட்டையைத் தூக்கும்போது விரல்கள் மடங்கி அடியில் போய்த் தாங்குகின்றன. பிளாபில் அந்த வசதி இல்லை. தட்டையான முகம் மேலே பார்த்திருக்க, கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற நான்கும் எதிர்ப்பக்கமும் நின்று அழுத்தும் அழுத்தத்தில் பிறக்கும் உராய்வு மட்டுமே மொத்த எடையையும் சுமக்க வேண்டும். நான்கு விரல்கள் சேர்ந்து எவ்வளவு அழுத்துகின்றனவோ, அவ்வளவையும் கட்டைவிரல் தனியாளாக எதிர்ப்பக்கம் கொடுத்தாக வேண்டும். அதுவும் கை நன்றாக விரிந்த நிலையில். உள்ளங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் இருக்கும் சதை அவ்வளவு இழுபட்டிருக்கும்போது அதற்குப் பலம் குறைவு.

இதற்கு மேல் அந்த வார்ப்பின் வடிவம் வேறு. தலை மேற்பக்கம் குறுகி, கீழே போகப் போக அகல்கிறது. விரல்கள் எவ்வளவு அழுத்துகின்றனவோ அவ்வளவுக்குச் சரிவு அவற்றை மேல் நோக்கித் தள்ளும். ஈரச் சோப்பு கையிலிருந்து எகிறுவதுபோல அது நழுவிவிடும். சரிவு எதிர்த்திசையில் இருந்திருந்தால், மேலே அகன்று கீழே குறுகியிருந்தால், இதைத் தூக்குவது ஒரு விஷயமாகவே இருந்திருக்காது. யார்க் பட்டறையில் அச்சு செய்தவர் ஜோடியாகத் தூக்குவதற்கான ஒரு டம்பெல்லுக்கு அழகான ஓரம் கொடுக்க நினைத்திருப்பார். இந்தச் சவாலை யாரும் வடிவமைக்கவில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

சோரினை வெறும் வேடிக்கைக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. கிரிப்பர் என்பது இரு கைப்பிடிகளை நசுக்கி மூடும் வில் கருவி. அயர்ன்மைண்ட் நிறுவனத்தின் கேப்டன்ஸ் ஆஃப் கிரஷ் கிரிப்பர்களில் 280 பவுண்ட் என்று மதிப்பிடப்பட்ட மூன்றாம் எண் கிரிப்பரை முழுதாக மூடி, 1991-இல் முதல் சான்று பெற்றவர் அவர்தான். ஆனால் கிரிப்பரை நசுக்குவது வேறு, விரித்த கையால் கவ்வுவது வேறு. முன்னதில் விரல்கள் மடங்கிக் குவிகின்றன, கட்டைவிரலின் அடிப்பக்கச் சதைமேடு சும்மா ஒரு சுவராக நின்றால் போதும். பின்னதில் கட்டைவிரல்தான் எல்லாம். கிரிப்பரில் பெரிய எண்களை மூடுகிறவர்கள் பழைய இரும்புத் தலை ஒன்றின் முன்னால் வெறுங்கையோடு எழுந்துபோவது இதனால்தான். இரண்டிலும் சோரின் நின்றார் என்பதே அவர்மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்குக் காரணம்.

கைக்கு அடங்காத இரும்பைச் சவாலாக வைக்கும் வழக்கம் சோரினோடு தொடங்கவும் இல்லை. பிரெஞ்சு பலசாலி லூயி யூனி, மேடைப் பெயர் அப்பொல்லோன், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரயில் சக்கரங்கள் இரண்டை அச்சோடு வைத்துக்கொண்டு வித்தை காட்டினார். மொத்தம் 366 பவுண்ட், அதாவது 166 கிலோ. அச்சின் தடிமன் 49 மில்லிமீட்டர். இன்றைய பளுதூக்கும் கம்பி 28 மில்லிமீட்டர்தான். சக்கரங்கள் அச்சில் சுழலவும் மாட்டா. அதைத் தலைக்கு மேல் ஏற்றியவர்கள் என்று வரலாறு உறுதியாகச் சொல்லும் முதல் மூவர் 1930-இல் ஷார்ல் ரிகுலோ, 1949-இல் ஜான் டேவிஸ், 1954-இல் நார்பர்ட் ஷெமான்ஸ்கி. ஒலிம்பிக் சாம்பியனான டேவிஸின் கைகளுக்கே அந்த அச்சு அடங்கவில்லை. ஒரு கையை உள்முகமாகவும் மறு கையை வெளிமுகமாகவும் வைத்து இழுத்து, நடுவானில் ஒரு கையை விட்டுத் திருப்பிப் பிடித்துத்தான் தோளுக்குக் கொண்டுவந்தார். முதுகும் தொடையும் தயாராக இருந்தும் விரல்கள் தடுத்த இடம் அது.

இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில் பிறந்த தாமஸ் இஞ்சின் கதை பிளாபுக்கு இன்னும் நெருக்கமானது. அவருடைய டம்பெல் 172 பவுண்ட், சுமார் 78 கிலோ; தண்டின் தடிமன் ஏறத்தாழ 60 மில்லிமீட்டர். தூக்குபவருக்குப் பரிசுப் பணம் என்று அறிவித்து, மேடை மேடையாக அதைக் கொண்டுபோனார். இரு கைகளால் தூக்க முடிகிறவர்கள்கூட ஒரு கையால் அசைக்கத் திணறினார்கள். காரணம் எடையைவிடத் தடிமன். விரல் நுனிகள் சுற்றி வந்து கட்டைவிரலைத் தொட முடியாததால் பிடி பூட்டிக்கொள்வதில்லை. ஒரே வார்ப்பு என்பதால், உருண்டைத் தலைகள் சற்று உருளத் தொடங்கினாலும் தண்டும் கூடவே உருண்டு விரல்களைப் பிரித்துவிடும். 1990-இல் ஸ்காட்லாந்தில் பில் காஸ்மேயர் அதைத் தூக்கியபோது அது பெரிய செய்தியானது. மூன்று முறை உலகின் வலிமையான மனிதர் பட்டம் வென்றவருக்கே அது செய்தி என்றால் அந்த இரும்பின் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம். பின்னாளில் அதே அளவில் நகல்கள் வார்க்கப்பட்டன. அவற்றை வார்த்தவர்களில் சோரினின் நிறுவனமும் உண்டு.

மற்ற பளு விளையாட்டுகளில் சாதனை என்பது ஓர் எண். எந்த நாட்டுக் கம்பியானாலும், எந்த நிறுவனத்து பிளேட்டானாலும், 200 கிலோ 200 கிலோதான். பிடி வலிமையில் அப்படி அல்ல. இங்கே அளவுகோல் ஒரு குறிப்பிட்ட பொருள்: இந்த வார்ப்பு, இந்த ஓரம், இந்த பெயின்ட். ஒரே அச்சில் வந்த இரண்டு தலைகளில் ஒன்று கிளம்பும், மற்றது கிளம்பாது. பெயின்ட் தடித்து வழுவழுப்பாக இருந்தால் ஒரு மாதிரி. உதிர்ந்து, லேசாகத் துருவேறி, சொரசொரப்பாக இருந்தால் வேறு மாதிரி. ‘எத்தனை கிலோ?’ என்று கேட்காமல் ‘எந்த இரும்பு?’ என்று கேட்கிற ஒரு பயிற்சி இது. இது குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதுதான் ஈர்ப்பே.

நான் பயிலும் பழைய கூடத்தில் யார்க் இரும்பு ஏதும் இல்லை. வார்ப்பிரும்பு பிளேட்டுகள் உண்டு. வழவழப்பான முதுகுப் பக்கம் இரண்டும் வெளியே இருக்கும்படி இரு 10 கிலோ பிளேட்டுகளைச் சேர்த்து நிறுத்தி, மேல் விளிம்பை ஒரு கையால் கவ்வித் தூக்குவது என் அடிப்படைப் பயிற்சி. அமெரிக்காவில் இதே பயிற்சியின் மைல்கல் இரண்டு 45 பவுண்ட் பிளேட்டுகள், ஏறக்குறைய 41 கிலோ. அங்கே இன்னொன்றும் செய்வார்கள். யார்க்கின் பழைய குழிவான 45 பவுண்ட் பிளேட்டில் நடுத்துளையைச் சுற்றி ஒரு குமிழ் புடைத்திருக்கும். ஐந்து விரல் நுனிகளால் அந்தக் குமிழை மட்டும் பற்றி பிளேட்டையே தூக்குவது. ஹப் லிஃப்ட் என்பார்கள். எங்கள் கூடத்தின் பிளேட்டுகளிலும் துளையைச் சுற்றித் தாழ்வான ஒரு வளையம் உண்டு. நகக்கண் வரை அழுத்தினால்தான் அதில் விரல் நிற்கும்.

தூக்குவதற்கு முன் இரும்பைத் துணியால் துடைத்து, விரல் படும் இடத்தைத் தடவிப் பார்ப்பேன். வார்ப்பில் மணல் ஒட்டிய சிறு புள்ளிகள், தேய்க்காமல் விட்ட பிசிறு, பெயின்ட் திரண்ட மேடு எல்லாம் விரலுக்குத் தெரியும். கட்டைவிரலின் முதல் கணுவுக்குக் கீழே உள்ள சதை எங்கே உட்கார வேண்டும் என்பதை அந்தத் தடவல்தான் சொல்கிறது. சாக் பவுடர் மெல்லிசாகப் போதும். அப்பிக்கொண்டால் பொடிமேல் பொடி வழுக்கும். பிறகு வெடுக்கென்று இழுக்கக் கூடாது. முழங்கையை நேராக்கி, முழு அழுத்தமும் விரலில் ஏறும் வரை காத்திருந்து, கால்களை மெல்ல நிமிர்த்த வேண்டும். கையை மடக்கித் தூக்க முயன்ற கணத்தில் பிடி கலையும்.

கட்டைவிரல் மெதுவாகத்தான் தேறும். முன்கைத் தசை வாரக்கணக்கில் பழகிவிடும். தசைநார்களும் மூட்டும் மாதக்கணக்கில் நேரம் கேட்கும். கனமாகக் கவ்விய மறுநாள் கட்டைவிரலின் அடிமூட்டில் வலி இருந்தால் அன்று இரும்பைத் தொடுவதில்லை. விரல்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு விரிக்கும் பயிற்சியோடு சரி, ஏனென்றால் மூடும் தசையை மட்டும் வளர்த்து விரிக்கும் தசையை மறந்தால் முழங்கைதான் விலை கொடுக்கும்.

இப்போது பல கூடங்களில் பழைய வார்ப்பிரும்பை எடைக்குப் போட்டுவிட்டு ரப்பர் பூசிய பிளேட்டுகளும் கைப்பிடி வெட்டிய பிளேட்டுகளும் வாங்குகிறார்கள். தரைக்கும் காதுக்கும் அவை நல்லவை. ஆனால் கைப்பிடி இருக்கும் பிளேட்டில் விரல் சும்மா மாட்டிக்கொள்ளும். கவ்வும் வேலை இல்லாமல் போகிறது. கூடம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தண்டு உடைந்த டம்பெல் ஒன்று மூலையில் கிடந்தால் விற்க வேண்டாம். உடைந்த முனையை அரத்தால் ராவிக் கூர்மை போக்குங்கள், வேறு பெயின்ட் அடிக்காதீர்கள், எடையைச் சாக்கட்டியால் எழுதி வையுங்கள். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று அவசியம். கவ்விய இரும்பு நழுவும்போது எச்சரிக்காது, தூக்குகிறவரின் பாதம் அதற்கு நேர் கீழே இருக்கக் கூடாது.