பழுதின் முதல்

மழை மிகுந்த தைப்பிங்கை அடுத்துள்ளது கமுந்திங். அவ்வட்டாரத்தின் ஈரக்காற்று பழைய காமிராக்களுக்குப் பெரும்பகை. தோட்டத்துத் திருமணங்களையும் திருவிழாக்களையும் பதிவுசெய்த கருவிகள் பல அலமாரிகளில் ஊமையாய்க் கிடக்கின்றன. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடந்தந்து மறைந்துவரும் நாளில், எஞ்சிய லயங்களையும் முதியோர் முகங்களையும் தாத்தாவின் காமிராவாலேயே படமெடுக்க விழையும் பேரர்கள் உளர். தாமதித்தால் எடுக்க எதுவும் எஞ்சாது.

1972-இல் வெளிவந்த கேனனெட் கியூ.எல். 17 ஜி-3 ஓர் எடுத்துக்காட்டு. விசையை அழுத்தினாலும் ஷட்டரின் மெல்லிய இதழ்கள் திறவா. துருவென்று எண்ணி எண்ணெய் இடுவோர் உண்டு. பெரும்பாலும் நோயே எண்ணெய்தான்! உட்பொறியின் மசகு கசிந்து, இதழ்களில் பசையாகி ஒட்டிவிடுகிறது. தீயில்லா இடத்தில், லைட்டர் எண்ணெயைப் பஞ்சுக்குச்சியில் சிறிதே தொட்டுத் துடைத்து, பலமுறை இயக்குவதே மருந்து. இதழ்கள் உலர்ந்தே இயங்குதல் வேண்டும்.

ஒளிமானியின் நிலை வேறு. களிம்பேறிய மின்முனைகளைத் துடைத்தல் முதற்பணி. அம்மானி 1.35 வோல்ட் பாதரச மின்கலத்துக்கென அமைந்தது. அக்கலம் இன்று கடைகளில் இல்லை. 1.5 வோல்ட் கலத்தை இட்டால் முள் மிகையொளி காட்டும்; படம் இருளும். காதுகேட்கும் கருவிக்குரிய 1.4 வோல்ட் துத்தநாகக் காற்றுக் கலம் ஏறத்தாழப் பொருந்தும். பின்னர், தெளிந்த வெயிலில் 100 ஐ.எஸ்.ஓ. சுருளுக்கு 1/125 நொடி, எஃப் 16 என்னும் பழைய கணக்கோடு முள்ளை ஒப்பிட்டுத் தேறலாம்.

ஒன்றுக்கு மிகையை நீக்கல் மருந்து. மற்றொன்றுக்கு உரியதை ஈதல் மருந்து. நோயின் முதலை நாடச் சொன்ன வள்ளுவர் நெறி பொறிக்கும் பொருந்துகிறது. வகுப்பில் வாய்திறவா மாணவனுக்கும் பொருந்தும் அன்றோ?