தலைமதகும் கடைமடையும்

வடகரப்பதியில் பிறந்தவனுக்கு எழுத்துக்கு முன்பே தண்ணீர்க் கணக்கு வந்துவிடும். மழை ஏமாற்றிச் செல்லும் இந்தச் சித்தூர்க் கிழக்குச் சீமையில், 1970-ஆம் ஆண்டுப் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வந்து சேரவேண்டிய 7.25 டி.எம்.சி.யைப் பற்றி வாதிடாத டீக்கடை அபூர்வம்.

ஜீவனத்தின் பொருட்டு நான் கற்ற தொழிலோ, ஒரு கணினியில் எழுதப்படும் கணக்கை மற்றொன்றில் உடனுக்குடன் பிரதி எடுத்து வைப்பது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில், ‘ஸ்ட்ரீமிங்’ என்ற அமைப்பை ‘ஆம்’ என்று வைத்தால், வழக்கமான வரம்பாகிய 64 மெகாபைட்டைத் தாண்டி வழியும் பெரிய பரிவர்த்தனை ஒன்றை, பெறுகிற கணினியானது முடிவுச்செய்தி வரும்வரை கோப்பில் சேர்த்துவைத்து, பின்னர் ஒற்றை ஆளாக உட்கார்ந்து எழுதித் தீர்க்க, பின்னால் வந்த சிறு பரிவர்த்தனைகள் யாவும் அதுவரை காத்துக் கிடக்கும். 2023-இல் வெளிவந்த 16-ஆம் பதிப்பில்தான் அந்த அமைப்புக்கு, ஆம், இல்லை என்ற இரண்டோடு ‘பேரலல்’ என்ற மூன்றாவது மதிப்பும் சேர்ந்தது. முடிவுச்செய்திக்குக் காத்திராமல் துணையாட்கள் ஏககாலத்தில் எழுதத் தொடங்கினார்கள்.

உபயோகிப்பவன் கையில் எதைக் கொடுப்பது, எதைக் கொடாதிருப்பது என்று இதை வகுத்தவர்கள் செய்த நிர்ணயத்தை நான் இன்றும் வியக்கிறேன். துணையாட்களின் எண்ணிக்கையைக் கொடுத்தார்கள். ‘சந்தா’ எனப்படும் பிரதி இணைப்பு ஒன்றுக்கு இயல்பாக 2. மூலத்தில் முதலில் முடிந்தது பிரதியிலும் முதலில் முடியவேண்டும் என்கிற வரிசை தர்மத்தையோ எவர் கைக்கும் எட்டாமல் வைத்துவிட்டார்கள். மைஎஸ்கியூஎல் அந்த வரிசையையும் ஒரு விருப்பமாக்கி, வெகுகாலம் கழித்து 8.0.27 பதிப்பில்தான் அதை இயல்பாக ‘ஆம்’ என்று ஆக்கியது. விற்றவனுக்கு உரிமை வருமுன்னே வாங்கியவனுக்குக் கிரயம் பதிவான பத்திர ஆபீஸை யாராவது விரும்புவார்களா?

எண்ணிக்கை விஷயத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பிரதி பின்தங்குகிறதென்று ஓர் இரவு அந்த 2-ஐ 16 ஆக்கினேன், அணுவளவும் மாற்றமில்லை. துணையாட்கள் வேறொரு பொது எண்ணிக்கைக்குள் அடங்கியவர்கள், அது 4. அதுவும், பின்னணி வேலையாட்கள் அனைவருக்குமான 8-க்குள் அடங்கியது. எங்களிடம் இருந்த இரண்டு சந்தாக்களின் தலைமையாட்களே 2 இடங்களைப் பிடித்துக்கொள்ள, மிஞ்சியவை 2. ஆள் கிடைக்காவிட்டால் வேலை நிற்பதில்லை; கோப்பில் எழுதும் பழைய வழிக்கே சாதுவாகத் திரும்பிவிடுகிறது. எச்சரிக்கை ஒரு வரி பதிவேட்டில் விழும். நள்ளிரவில் அதை யார் படிப்பது? அந்த 4-ஐ உயர்த்தவோ, தரவுத்தளத்தையே ஒருமுறை நிறுத்தித் தொடங்கவேண்டும்.

ஊருக்கு வந்திருந்தபோது, கணினிப் பேச்சை விலக்கி, வாய்க்கால் கதையாக இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, “மேல மதகு எத்தனை கண்ணு தொறந்திருக்குதுன்னு பாக்காம, கீழ மடைய வெட்டி என்ன பிரயோஜனம், சாமி?” என்றார்.

அவர் கேட்டதை, 16 என்று நான் எழுதிய அந்தக் கணத்திலேயே அந்த அமைப்பு என்னைக் கேட்டிருக்கவேண்டும் என்பதே என் கட்சி. 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பில் ‘பேரலல்’ என்பதே இயல்பான மதிப்பாகிவிட்டது. அந்த 2-உம் 4-உம் 8-உம் மட்டும் இருந்தபடியே இருக்கின்றன.