சவுண்டல் இலையும் வைட்டமின் பி6 நொதிகளும்

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் எல்லாம் மானாவாரி பூமி. மழை பொய்த்துவிட்டால் புல் இருக்காது, வெள்ளாட்டுக்கு மரத்தழைதான் கதி. தீவனத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் மரங்களில் ஒன்று சூபாபுல் என்கிற சவுண்டல். அதன் இலையில் புரதம் அதிகம், ஆடும் விரும்பித் தின்னும். ஆனால் அதை மட்டுமே தின்றால் முடி கொட்டலாம், தைராய்டு வீங்கலாம், எடை குறையலாம். காரணம் அந்த இலையில் உள்ள மைமோசின் என்ற அமினோ அமிலம்.

இதற்கும் நாம் பள்ளியில் படித்த வைட்டமின் பி6-க்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது!

பி6 உடலுக்குள் பிரிடாக்சல் பாஸ்பேட்டாக மாறுகிறது. சுருக்கமாக பி.எல்.பி. இது ஒரு துணைநொதி. நொதியில் உள்ள லைசின் இதைப் பிடித்து வைத்திருக்கும். அமினோ அமிலம் வந்ததும் பி.எல்.பி. லைசினை விட்டு அதனுடன் இணைந்து, எலக்ட்ரான்களை இழுத்து, பிணைப்புகளைத் தளர்த்தும். எந்தப் பிணைப்பு உடைய வேண்டும் என்பதைச் சுற்றியுள்ள புரதம் தீர்மானிக்கிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டுமே பி.எல்.பி. நொதிகள்தான்.

அப்படியானால் இந்த நொதிகள் எல்லாம் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையா? இல்லை. இவற்றின் முப்பரிமாண வடிவங்களை ஒப்பிட்டதில் முக்கியமாக ஐந்து மடிப்பு வகைகள் தெரியவந்தன. ஒவ்வொரு வகையும் தனித்தனியாகவே பி.எல்.பி.யைப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்ல, ஒரே தொழிலுக்கு வந்து சேர்ந்த வேற்றூர்க்காரர்கள். 1950-களில் ஸ்னெல், மெட்ஸ்லர் குழுவினர், நொதியே இல்லாமல் உலோக அயனி துணையுடன் பிரிடாக்சல் இத்தகைய வினைகள் பலவற்றை மெதுவாகச் செய்வதைக் காட்டினார்கள். கருவி முன்பே இருந்தது, புரதங்கள் அதை வேகப்படுத்தின என்று நினைக்க இது இடம் தருகிறது.

முதல் வகைதான் பெரிய குடும்பம். எஸ்.ஜி.ஓ.டி. இதில் அடங்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அப்பாஜி ராவ், சாவித்ரி, எம்.ஆர்.என். மூர்த்தி ஆகியோர் ஆராய்ந்த செரின் ஹைட்ராக்சிமெதில் டிரான்ஸ்ஃபரேஸும் இதைச் சேர்ந்ததே.

இப்போது சவுண்டலுக்கு வருவோம். மைமோசினை உருவாக்குவது சிஸ்டீன் சிந்தேஸ் குடும்பம், அது இரண்டாம் வகை. அதை உடைக்கும் மைமோசினேஸ் முதல் வகை. செடிகள் மெத்தியோனின் தயாரிக்க உதவும் சிஸ்டாதயோனின் லையேஸுக்கு இது உறவு. இதை ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்டார்கள். ஆக, கட்டுவது ஒரு வம்சம், இடிப்பது வேறு வம்சம், இரண்டின் கையிலும் அதே பி6!

உடைந்தாலும் தொல்லை தீராது. மிஞ்சும் டி.எச்.பி. என்ற பொருள்தான் தைராய்டைக் கெடுக்கிறது. அதையும் சிதைக்கும் பாக்டீரியா சில ஊர் ஆடுகளின் இரைப்பையில் உண்டு. ஆஸ்திரேலியாவில் அது இல்லாததால், ரேமண்ட் ஜோன்ஸ் 1980-களில் ஹவாய் ஆட்டின் இரைப்பை நுண்ணுயிரிகளை அங்கே கொண்டுபோனார். 1992-ல் அந்த பாக்டீரியாவுக்கு அவரைக் கௌரவிக்கும் விதமாக சினர்ஜிஸ்டஸ் ஜோன்சி என்று பெயரிட்டார்கள்.

பத்து ஆடுதான் சொத்து என்று இருக்கும் வீட்டுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். சவுண்டலைத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிடாமல், மற்ற தழையோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.